மூன்று தடவை விடுதலை ஜெபம் பண்ணியும் நடுக்கம் போகவில்லை: இது பிசாசா, பழைய காயமா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டே சுற்றினேன். சுருக்கமாக அதை இங்கே எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு நடுராத்திரி வந்து கதவைத் தட்டுவார், திறக்கக் கொஞ்சம் தாமதமானாலும் பெல்ட்டால் அடி. நீங்கள் இரட்சிக்கப்பட்டு எட்டு வருஷம் ஆகிறது, அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று சபையில் சாட்சியும் சொன்னீர்கள். ஆனால் இன்றைக்கும் ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் கை கால் நடுங்குகிறது. சில நாள் விடியற்காலையில் நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்து அமுக்குகிறது, "இயேசுவே" என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. மூன்று இடத்தில் பிசாசை விரட்டுகிற விடுதலை ஜெபம் பண்ணினார்கள், மூன்று இடத்திலும் "உள்ளே பிசாசின் கட்டு ஒன்று இருக்கிறது, நீ முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை" என்றார்கள். இப்போது அப்பா, குடியை இன்னும் விடாமலே, உங்கள் வீட்டோடு வந்து இருக்கிறேன் என்கிறார்; "மன்னிச்சவதானே, பிறகென்ன தயக்கம்" என்று அண்ணன் கேட்கிறார். இது பிசாசா, காயமா, என் விசுவாசம் குறைவா? இதுதான் கேள்வி.

விசுவாசம் குறைவு இல்லை. அதை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். மற்ற இரண்டையும்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் போதகர் இல்லை, டாக்டரும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஜெபக்குழுவில் இருக்கிற ஆள், அவ்வளவுதான். பிசாசு என்று ஒன்று கிடையாது, எல்லாம் மனப்பிரமை என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. பிசாசோடு நமக்குப் போராட்டம் உண்டு என்கிற எபேசியர் 6ஆம் அதிகாரத்தை அப்படியே நம்புகிறேன். ஆனால் நாங்கள் பிசாசு என்று நினைத்துக் கத்தியது எதைப் பார்த்து என்பதை ஒரு ராத்திரி கற்றுக்கொண்டேன், அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு காலேஜ் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பிடுவதில்லை, திடீர் திடீரென்று நடுங்குகிறான், ஆள் கூட்டத்தைக் கண்டால் ஓடுகிறான். சபைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஏழு பேர் சுற்றி நின்றோம். யாரோ எருசலேம் டூர் போனபோது வாங்கி வந்த ஒலிவ எண்ணெய் பாட்டில் ஒன்று, அதை அவன் நெற்றியில் பூசி, ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரைக்கும் "வெளியே போ, வெளியே போ" என்று தொண்டை கிழியக் கத்தினோம். அவன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து மூடிக்கொண்டான். பிசாசு பயப்படுகிறது என்று எங்களுக்கு இன்னும் உற்சாகம். அப்போது எங்களுக்கு டீ போட்டுக் கொண்டுவந்த பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அடி வாங்குத புள்ள மாதிரில்லா உக்காந்திருக்கான்... கத்தாதீங்கய்யா" என்றார். அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு டம்ளரை நீட்டினார். அரை மணி நேரம் கழித்து அவன் வாங்கிக் குடித்தான். ஹாஸ்டலில் அவனுக்கு நடந்தது என்ன என்பது பிறகு மெதுவாக, பல வாரங்களில் வெளியே வந்தது. அதை இங்கே எழுத வேண்டாம். ஏழு ஆவிக்குரிய ஆம்பளைகளுக்குத் தெரியாதது அந்தப் பாட்டிக்கு ஒரே பார்வையில் தெரிந்தது.

அதற்கப்புறம் வேதத்தை வேறு மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். மத்தேயு 4:24ஐ எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது பலவித வியாதிக்காரர், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் என்கிற வலிப்புக்காரர், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாகச் சொல்கிறது. எல்லாரையும் ஒரே பட்டியில் அடைக்கவில்லை. மாற்கு 9இல் ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவருகிறான், அது பிசாசின் காரியம்தான் என்று வேதமே சொல்கிறது. அங்கேகூட இயேசு முதலில் கேட்பது, இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது என்றுதான். சிறுவயதிலிருந்தே என்று தகப்பன் சொல்கிறான். எல்லாம் அறிந்தவர் நின்று கேட்டார். உங்களுக்கு ஜெபித்த மூன்று இடத்திலும் யாராவது "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கத்தோலிக்கரிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது, எனக்குப் பிடித்த ஒழுங்கு. ஆயரின் தனி அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கைச் செய்யக்கூடாது என்று அவர்களுடைய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1172ஆம் எண்ணில் இருக்கிறது. நோயையும் பிசாசையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். நம் சுயாதீன சபைகளில் மைக் கையில் இருந்தால் போதும்.

சரி, நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குகிற விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் இதற்கு அமுக்குவான் பேய் என்றே பெயர். மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்கிறார்கள். ஆழ்ந்த கனவு வருகிற நேரத்தில் மூளை நம் கை கால்களைப் பூட்டி வைக்கிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து விழுவான். சில சமயம் மனது முழித்துக்கொள்ளும், உடம்பின் பூட்டு மட்டும் திறக்காமல் இருக்கும். கண் திறந்திருக்கும், அசைய முடியாது, வாய் வராது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், அறையில் யாரோ நிற்கிற மாதிரியும் இருக்கும். சில நொடியிலோ ஒன்றிரண்டு நிமிஷத்திலோ தானாகப் போய்விடும். தூக்கம் கெட்டவர்களுக்கு, மல்லாந்து படுப்பவர்களுக்கு, பழைய பயங்களைச் சுமக்கிறவர்களுக்கு இது அதிகம் வரும். இப்போது யோசித்துப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்துக்குப் போய் வந்த வாரத்தில் இது கூடுகிறதா? கூடினால், பிசாசு கோபப்படுகிறது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு மாதம் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, பத்து மணிக்குப் படுத்து, ஒருக்களித்துத் தூங்கிப் பாருங்கள். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோபித்துக்கொள்ள மாட்டார் என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எலியாவைப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர். ஆவிக்குரிய யுத்தத்தில் அதைவிடப் பெரிய வெற்றி வேதத்தில் கொஞ்சம்தான். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்தான். மனச்சோர்வின் ஆவியைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினார். தூதன் விட்டுவிட்டான்! இரண்டாம் தரம் வந்தும் சாப்பாடுதான். அதன் பிறகுதான் ஓரேப் மலை, அதன் பிறகுதான் தேவன் பேசின மெல்லிய சத்தம்.

கதவு தட்டும்போது வருகிற நடுக்கமும் இப்படித்தான், பெரும்பாலும் உடம்பின் காரியம். ஆபத்தை மோப்பம் பிடிப்பதற்கென்று மூளைக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். உங்களுக்கு ஏழு வயதில், ராத்திரி கதவுச் சத்தம் என்றால் அடி என்று அவன் கற்றுக்கொண்டான். அன்றைக்கு அவன் சொன்னது சரி. பிரச்சனை என்னவென்றால், வீடு மாறியதும் நீங்கள் கல்யாணம் ஆகி வந்ததும் அவனுக்குத் தெரியாது. நீங்கள் மன்னித்தது அவனுக்குச் சேதியாகவே போகவில்லை. அவனிடம் கத்தினால் இன்னும் பயப்படுவான், கத்தலும் பழைய ஆபத்தின் பாகம்தானே. சங்கீதம் 147:3 சொல்வதைக் கவனியுங்கள்: இருதயம் நொறுங்குண்டவர்களைக் குணமாக்கி, அவர்களுடைய காயங்களைக் கட்டுகிறார். காயத்தைத் துரத்துகிறார் என்று இல்லை. கட்டுப்போடுவது என்றால் தினமும் அவிழ்த்து, துடைத்து, மறுபடி கட்டுவது. ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் மாற்றப் போனவர்களுக்குத் தெரியும், வலிக்கும், நாளாகும்.

அப்படியானால் யுத்தம் எங்கே என்று கேட்பீர்கள். யுத்தம் இருக்கிறது. காயத்தின்மேல் ஒரு பொய் வந்து உட்காருகிறதே, அங்கே.

2 கொரிந்தியர் 10இல் பவுல் அரண்களை நிர்மூலமாக்குவதைப் பற்றிப் பேசுகிறார். அரண் என்றதும் நாம் ஏதோ ஊர் எல்லையில் நிற்கிற ஆவியைக் கற்பனை பண்ணுகிறோம். அடுத்த வசனத்திலேயே அது என்ன என்று சொல்லிவிடுகிறார்: தர்க்கங்கள், எண்ணங்கள். பிசாசுக்கு இயேசு கொடுத்த பெயர் பொய்க்குப் பிதா. வெளிப்படுத்தின விசேஷம் 12இல் அவனுக்குள்ள வேலை, சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றஞ்சாட்டுவது. இரண்டையும் சேர்த்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்பா அடித்தது பிசாசின் பொய் இல்லை, நடந்த உண்மை. "நீ நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் அப்பா குடித்திருக்க மாட்டார்" என்று உள்ளே ஒரு குரல் சொல்லும் பாருங்கள், அது பொய். "தேவனும் அப்பா மாதிரிதான், எப்போது கை ஓங்குவாரோ தெரியாது" என்பது பொய். "எட்டு வருஷமாகியும் நடுங்குகிறாயே, நீயெல்லாம் விசுவாசியா" என்பது பொய், கூடவே குற்றச்சாட்டும். கடைசியில் சொன்னது ஜெபிக்கிறவர்களின் வாயிலிருந்தே உங்களுக்கு வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாரை எதிர்த்து நின்றார்களோ அவன் வசனத்தையே அவர்கள் பேசிவிட்டார்கள்.

இந்தப் பொய்களோடு போராடும்போது சத்தம் தேவையில்லை. பொய்யை ஒரு தாளில் எழுதுங்கள், அதற்கு எதிரான உண்மையைப் பக்கத்தில் எழுதுங்கள், வாய்விட்டு வாசியுங்கள். எபேசியர் 6இல் பவுல் போட்டுக்கொள்ளச் சொல்கிற சர்வாயுதவர்க்கத்தில் முதலில் வருவது பட்டயம் இல்லை, சத்தியம் என்னும் கச்சைதான். அந்தப் பகுதியில் பவுல் திரும்பத் திரும்பச் சொல்வது நில்லுங்கள், எதிர்த்து நில்லுங்கள் என்பது. பாய்ந்து அடியுங்கள் என்று அதிகம் இல்லை. அதை எழுதியபோது அவரே சங்கிலியில் இருந்தார், 20ஆம் வசனத்தில் சொல்கிறார். கட்டு போகாதவன் விசுவாசி இல்லை என்றால் முதலில் பவுலைத்தான் சபையிலிருந்து நீக்க வேண்டும். இன்னொன்று, அங்கே "நீங்கள்" என்பது பன்மை. ரோமப் போர்வீரனின் பெரிய கேடகம் பக்கத்தில் நிற்கிறவனின் கேடகத்தோடு சேரும்போதுதான் சுவராகும். ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக அறையில் பிசாசோடு மல்லுக்கட்டுவது வேதம் காட்டுகிற முறை இல்லை. போன் போட்டால் எடுக்கிற ஒரு அக்காவாவது வேண்டும்.

பரம்பரை சாபம் என்று யாராவது ஆரம்பித்தால் எசேக்கியேல் 18ஐத் திறந்து காட்டுங்கள். பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்கிற பழமொழியை இனிச் சொல்லவே வேண்டாம் என்கிறார் கர்த்தர். குடியும் அடியும் ஒரு வீட்டில் தலைமுறையாக வருவது உண்மைதான், பார்த்து வளர்கிற பிள்ளை அதையே கற்றுக்கொள்கிறது, அது நிற்க வேண்டும். ஆனால் சாபத்தை முறிக்க இத்தனை வாரம், இவ்வளவு காணிக்கை என்று கணக்குச் சொல்கிறவர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது அண்ணன் கேட்ட கேள்வி. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது.

யோசேப்பைச் சகோதரர் விற்றபோது அவருக்குப் பதினேழு வயது. முப்பதில் பார்வோனுக்கு முன்னால் நிற்கிறார். மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைக்கிறார், என் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்று அர்த்தம். சபையில் நீங்கள் சொன்ன சாட்சி மாதிரிதான் இதுவும், மனதார வைத்த பெயர்தான். பஞ்சம் வந்து, அண்ணன்மார் தானியத்துக்காக வந்து நிற்கிறார்கள். மறந்துபோன மனுஷன் என்ன செய்கிறார்? துபாசியை, அதாவது மொழிபெயர்ப்பாளரை, வைத்துப் பேசுகிறார், பாஷை தெரியாத மாதிரி. அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்ததும் அப்பால் போய் அழுகிறார். பிறகு தம்பி பென்யமீனைப் பார்த்து உள்ளறைக்கு ஓடி அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார். அந்தச் சரித்திரத்தில் ஏழெட்டு இடத்தில் அவர் அழுகிறார். மனாசே என்று பெயர் வைத்த பிறகு! அந்தப் பெயர் பொய் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை.

இன்னும் பாருங்கள். முதல் தடவையே தானியம் கொடுத்து, பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தார். ஆனால் தான் யார் என்று சொல்லவில்லை. அவர்களில் சிமியோனைப் பிடித்து வைத்தார். இவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தார். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நான் யோசேப்பு என்றார். சோறு போடுவதற்கு அவர் நிபந்தனை வைக்கவில்லை. கிட்ட வருவதற்கு வைத்தார். உங்களுக்கும் அதுவே போதும். அப்பாவுக்கு வாடகைக்கு ஓர் அறை, நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, அண்ணனும் நீங்களும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். குடியை விடுவதற்குச் சிகிச்சை உண்டு, சென்னையில் டிடிகே மருத்துவமனை 1980இலிருந்து அதற்காகவே நடக்கிறது, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேட்கலாம். அதற்கு அவர் சம்மதிக்கட்டும், தெளிந்து சில மாதம் போகட்டும். அதுவரை உங்கள் வீட்டுக் கதவை ராத்திரி தட்டுகிற உரிமை அவருக்கு வேண்டாம். இதனால் உங்கள் மன்னிப்பு பொய்யாகிவிடாது.

"விடும்மா, குடும்ப மானம், மனசுல வச்சுக்காத" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அதே வசனத்தை 2 சாமுவேல் 13இல் அப்சலோம், தகப்பன்வழி அண்ணன் அம்னோன் பலவந்தம் பண்ணின தன் தங்கை தாமாரிடம் சொல்கிறான்: மவுனமாயிரு, அவன் உன் சகோதரன், இதை மனதிலே வைக்காதே. அவர்களுடைய தகப்பன் தாவீது ராஜா கேள்விப்பட்டு மிகவும் கோபப்பட்டார், அதோடு சரி. தாமார் அப்சலோம் வீட்டில் தனித்துக் கிடந்தாள். வைக்காதே என்று சொன்னவனே மனதில் வைத்திருந்து, இரண்டு வருஷம் கழித்து ஆட்டுமயிர் கத்தரிக்கிற விருந்தில் அம்னோனைக் கொன்றான். மூடி வைத்த காயத்தின் கதை அது.

டாக்டரிடம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. எசேக்கியா ராஜாவை நான் குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த அதே இடத்தில், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. ஆகவே மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நினைவுக்குக் கிட்டே போய் வர அவர்கள் பழக்குவார்கள். பேதுருவுக்கு இயேசு செய்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது கரிநெருப்பு ஓரத்தில். கடற்கரையில் மறுபடி கரிநெருப்பு, மேலே மீன், முதலில் சாப்பாடு, பிறகு மூன்று தடவை, என்னை நேசிக்கிறாயா என்கிற அதே வலிக்கிற கேள்வி. வேலூர் சிஎம்சி கிறிஸ்தவ மருத்துவமனைதான், பாகாயத்தில் அதன் மனநலப் பிரிவு பல வருஷங்களாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மாத்திரை எழுதிக்கொடுத்தால், யார் ஜெபித்துவிட்டு நிறுத்தச் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். செத்துவிடலாம் என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம்.

ஜெபத்தை விடச் சொல்லவில்லை. ஜெபிக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: கத்தக் கூடாது, கேட்காமல் தலையில் கை வைக்கக் கூடாது, அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், கூட ஒரு பெண் இருக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாதவர்கள் உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள், லேட்டாக வந்தால் தட்ட வேண்டாம், வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

அந்தக் காலேஜ் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். கல்யாணம் ஆகி ஒரு பெண்குழந்தை இருக்கிறது, எங்கள் சபையில்தான் இருக்கிறான், ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் வாத்தியார். இன்றைக்கும் கன்வென்ஷனில் யாராவது மைக்கைப் பிடித்துக் கத்த ஆரம்பித்தால் மெதுவாக எழுந்து வெளியே போய், கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, சத்தம் அடங்கினதும் திரும்ப வந்து உட்காருவான். எங்களில் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை, நாற்காலியை மட்டும் பிடித்து வைத்திருப்போம்.